50 வயசுக்கு மேல திடீர்னு சுகரா? கணையப் புற்றுநோய் ஆய்வாளர்கள் இதை ஏன் கவனிக்கிறாங்க?

செங்கல்பட்டோ மாமல்லபுரமோ, நீங்க எங்கே இருந்தாலும் 'ஃபுல் பாடி செக்கப்' விளம்பரம் உங்க போனுக்கு வந்திருக்கும். சில பேக்கேஜ்களில் 'கேன்சர் மார்க்கர்' டெஸ்ட்டும் இருக்கும். அதில் கணையத்துக்கானது சி.ஏ. 19-9. அப்பா, அம்மாவுக்கு அதை எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமா? இருக்க முடியாது. ஏன்னு பார்ப்போம்.

மறைஞ்சிருக்கும் உறுப்பு

இரைப்பைக்குப் பின்னால், சுமார் 15 செ.மீ. நீளத்தில் இருப்பது கணையம். செரிமான நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதுதான். இங்கே சின்னக் கட்டி வந்தால் வெளியே தெரியாது. மஞ்சள் காமாலை, முதுகுவரை பரவும் வலி என்று தெரியவரும்போது பலருக்கு ஆபரேஷன் செய்யும் கட்டமே தாண்டியிருக்கும். அமெரிக்காவிலேயே 100 நோயாளிகளில் சுமார் 13 பேர்தான் 5 ஆண்டுகளைக் கடக்கிறாங்க. அதனால்தான் நோயை முன்கூட்டியே காட்டும் அடையாளத்தை, அதாவது 'பயோமார்க்கரை' தேடுறாங்க.

சி.ஏ. 19-9 ஏன் போதாது?

சிகிச்சை பலன் தருதான்னு பார்க்க இந்த டெஸ்ட் உதவும். ஆனால், பித்தக்குழாயில் கல் அடைச்சாலும், கணையம் வீங்கினாலும் அளவு ஏறும். ஆரம்பக்கட்டப் புற்றுநோயில் நார்மலாகவும் இருக்கும். 100-ல் 5 முதல் 10 பேரின் உடல் இதை உற்பத்தியே செய்யாது. அறிகுறி இல்லாதவர்களுக்கு கணையப் புற்றுநோய் ஸ்கிரீனிங் வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2019-ல் மறுபடியும் சொன்னது. குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வந்திருந்தால் மட்டும் கதை வேற, டாக்டரிடம் சொல்லுங்க.

சென்னை சொன்ன பாடம்

கணையத்தில் கல் சேர்ந்து, இளம் வயதிலேயே சர்க்கரை நோயைக் கொண்டுவரும் ஒரு பாதிப்பு தென்னிந்தியாவில் உண்டு. டாக்டர்கள் சுரேஷ் சாரி, வி.மோகன் உள்ளிட்டோர் சென்னையில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1994-ல் ஆய்வை வெளியிட்டாங்க. இறந்த 24 பேரில் 6 பேரின் உயிரைப் பறித்தது கணையப் புற்றுநோய்.

அதே சுரேஷ் சாரி, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2005-ல் இன்னொரு விஷயத்தைக் காட்டினார். 50 வயதுக்கு மேல் புதிதாக சர்க்கரை வந்தவர்களில் சுமார் 100-ல் ஒருவருக்கு, 3 ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. அதாவது, சில சமயம் சுகரே புற்றுநோயின் முதல் அடையாளம். பயப்பட வேண்டாம், மீதி 99 பேருக்கு அது சாதாரண சுகர்தான். அந்த ஒருவரைப் பிரித்தெடுக்க, 2018-ல் அவர் குழு ஒரு ஸ்கோர் முறையை வெளியிட்டது. அதற்குத் தேவை மூன்றே விஷயம்: வயது, சுகர் ஏறிய வேகம், எடை மாற்றம்.

நீங்க செய்ய வேண்டியது

* பெற்றோரின் சுகர் ரிசல்ட்டையும் எடையையும் தேதியோடு போனில் சேமிச்சு வைங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டில் எடுக்கும் ரீடிங்கையும் சேர்த்துக்கங்க.
* சாதாரணமா சுகர் வந்தவங்களுக்கு எடை கூடியிருக்கும். புதுசா சுகர் வந்து, டயட் இல்லாமலே எடை இறங்கினால் தள்ளிப் போடாதீங்க. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் அந்தப் பழைய எண்களோடு போய்க் காட்டுங்க.
* வயிற்று ஸ்கேன் நார்மல்னு வந்தாலும், குடலில் இருக்கும் வாயு கணையத்தை மறைச்சிருக்கலாம். சி.டி. ஸ்கேன் தேவையான்னு கேளுங்க.
* சிகரெட்டை விடச் சொல்லுங்க. இந்த நோய்க்கு அது முக்கியக் காரணம்.

ஒரே சொட்டு ரத்தத்தில் பதில் சொல்லும் டெஸ்ட் இன்னும் வரலை. அதுவரைக்கும், போன வருஷ சுகர் ரிசல்ட்டைத் தூக்கிப் போடாமல் வெச்சிருக்கிறதே பெரிய விஷயம்.