வடலிக் கணக்கு: தோற்கும் அணி மூத்தவர்களைக் கைவிடலாமா?

‘வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கலாமோ?’ என்று யாழ்ப்பாணத்தில் கேட்பார்கள். வடலி என்ற இளம்பனை வளர்ந்து பாளை விடப் பதினைந்து இருபது ஆண்டு செல்லும். அதுவரை தாகத்தோடு காத்திருப்பவன் யார் என்பதுதான் அந்தக் கேள்வியின் கூர். தொடர்ந்து தோற்கும் ஓர் அணி, தன்னிடமுள்ள மூத்த வீரர்களைக் கொடுத்து இளையவர்களை வாங்க வேண்டுமா என்ற விவாதமும் இதே வடலிக் கணக்குத்தான். அமெரிக்கப் பேஸ்போலில் இது ஆண்டுதோறும் ஜூலையில் எழும் கேள்வி. அதை வட்டுக்கோட்டையில் நின்று கேட்டால் விடை மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வட்டுக்கோட்டை என்றதும் பலருக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானம் நினைவுக்கு வரும். இங்கே எனக்கு வேண்டியது அமெரிக்க மிசன். அதன் மிசனரி டானியல் பூர் இங்கு செமினரியைத் தொடங்கியது 1823இல். நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் பேஸ்போலுக்கு விதிகள் எழுதியது 1845இல். விதிகளே பிறக்காத காலத்தில் வந்தவர்களிடம் அந்த விளையாட்டை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் பின்னாளில் வேரூன்றியதும் ஆங்கிலேயரின் கிரிக்கெட்டே. சென். பற்றிக்ஸ் கல்லூரியோடு ஆடும் ‘பொன் அணிகளின் போர்’ இன்றைக்கும் ஊரைக் கூட்டும் போட்டி.

முதலில் பேஸ்போல் எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று காண்போம். 1987 ஓகஸ்டில் டெட்ரொயிட் டைகர்ஸ் அணி, 36 வயதுப் பந்துவீச்சாளர் டொயில் அலெக்சாண்டரை அட்லான்டாவிடமிருந்து எடுத்தது. பதிலுக்குக் கொடுத்தது ஜோன் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை. அலெக்சாண்டர் எஞ்சிய பருவத்தில் ஒன்பது வெற்றி பெற்றார், ஒரு தோல்வியும் இல்லை. டெட்ரொயிட் தன் பிரிவில் முதலிடம் வந்து, அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது. ஸ்மோல்ட்ஸ் இரண்டு தசாப்தம் அட்லான்டாவுக்கு வீசி, 2015இல் பேஸ்போலின் புகழ்மண்டபத்துக்குள் நுழைந்தார். மூத்தவரைக் கொடுத்து இளையவரை வாங்கு என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அடுத்துக் காட்டுவது ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணியை. 2011இல் ஹன்ரர் பென்ஸ், மைக்கல் போர்ன் போன்றோரை அது கைமாற்றியது, 2011 முதல் 2013 வரை முறையே 106, 107, 111 ஆட்டங்களில் தோற்றது, 2017இல் சம்பியனானது. (அந்த ஆண்டில் எதிரணியின் சைகைகளைத் திருடியது பின்னர் அம்பலமானது வேறு கதை.) ஆனால் அதே 2017 ஓகஸ்ட் கடைசி நாளில், வளர்த்து வைத்திருந்த இளையவர் மூவரைக் கொடுத்து 34 வயது ஜஸ்டின் வேர்லான்டரை ஹூஸ்டன் வாங்கியதை இவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வடலி வளர்த்தவர்களே கடைசியில் பனை தேடிப் போனார்கள்.

இந்தக் கணக்கு அங்கே சரிவருவதற்கு இரண்டு ஏற்பாடுகள் முண்டுகொடுக்கின்றன. ஒன்று, தோல்விக்குப் பரிசு உண்டு: அடியில் நிற்கும் அணிக்கு அடுத்த புதுமுகத் தேர்வில் முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், வரும் இளைஞன் ஆறு பருவச் சேவை நிறையும்வரை அந்த அணியின் பிடியிலேயே இருப்பான். மற்றையது, நாற்றுமேடை உண்டு: ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சிற்றணிகளும், சம்பளம் வாங்கும் பயிற்றுநர்களும், பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடும் பருவங்களும் இருக்கின்றன. இளையவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க மூத்தவன் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. ஆகவே மூத்தவனை விற்றாலும் கல்வி அறுவதில்லை.

ஐ.பி.எல். இதற்கு அண்ணளவாக வருகிறது. 2025இல் பத்து அணிகளில் கடைசியாக வந்த சென்னை சூப்பர் கிங்ஸ், பருவம் முடிந்ததும் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்தது. டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி இந்திய ரூபா கொடுத்தது. 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டம் அடித்துக் கிண்ணம் கொடுத்த ஜடேஜாவை விடுவதா என்று எங்கள் பக்கத்து இளைஞர்களும் கொதித்தார்கள். எனக்கு அந்த மாற்று நியாயமாகவே படுகிறது. சென்னைக்குப் பின்னால் ரஞ்சிக் கிண்ணப் போட்டிகள் இருக்கின்றன. நாற்று வளர்க்கும் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள்.

வட்டுக்கோட்டையில் அந்த வேறு யாரோ கிடையாது. பாடசாலை அணியைப் பற்றி இங்கே முதற்கேள்வி, ‘கலர்ஸ்மன் எத்தனை பேர்?’ என்பதே. போன ஆண்டு பெரும்போட்டி ஆடியவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று பொருள். 19 வயது எல்லை ஆண்டுதோறும் மூத்தவர்களை அகற்றிவிடும். பதிலுக்கு எதுவும் கையில் வராது. ஊர்க் கழகங்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 1983க்குப் பின்னான புலப்பெயர்வும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து நடந்த இடப்பெயர்வும் முப்பது வயதுக்காரர்களைக் கழகங்களிலிருந்து துடைத்துச் சென்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்க் கழகங்கள் பெருகின. இங்கே பனை போனது, வடலி மட்டும் நின்றது.

மூத்தவர் போனால் போவது எது? ஓட்டங்களும் இலக்குகளும் மட்டும் என்றால் புள்ளியியல் போதும். வட்டுக்கோட்டையில் ஒரு மாலைப் பயிற்சியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொங்கிறீற்றுத் தளத்தின்மேல் மற்றிங் விரித்துப் பையன்கள் வீசிக்கொண்டிருந்தார்கள். சுழற்பந்து வீசிய ஒருவன் எவ்வளவு விரலை முறுக்கியும் பந்து திரும்பவில்லை. எழும்பி நேரே போனது. விடுமுறைக்கு வந்து ஓரத்தில் நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து குனிந்து பாயின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். ‘இறுக்கி அடிச்சுப்போட்டியள் தம்பி, எங்கால திரும்புறது?’ என்றவர், இரண்டு மூலைகளில் கட்டைத் தளர்த்தினார். பாய் இறுகினால் பந்து வேகமாக எழும்பும், தளர்ந்தால் பிடித்துத் திரும்பும். பிறகு, பந்து விழவேண்டிய இடத்தை ஒரு பாதமளவு முன்னே தள்ளிக் காட்டினார். அடுத்த ஓவரில் மூன்று பந்து திரும்பின. இந்த அறிவு எந்தப் புள்ளிவிவரப் பலகையிலும் ஏறாது. அதற்கு விலை போட முடியாததால்தான் மாற்றுக் கணக்கில் அது பூச்சியமாக விழுகிறது.

தேசிய அணியில் இந்தப் பூச்சியத்தின் விலையை ஓரளவு அளக்கலாம். 2021இல் பிரமோதய விக்ரமசிங்க தலைமையிலான தேர்வுக்குழு, ஒருநாள் அணியிலிருந்து அஞ்சலோ மத்யூஸ், திமுத் கருணாரத்ன, தினேஷ் சந்திமால் மூவரையும் ஒரேயடியாக ஒதுக்கி, குசல் பெரேராவைத் தலைவராக்கியது. அந்த மே மாதத்தில் இலங்கை, ஒருநாள் தொடரொன்றை வரலாற்றில் முதன்முறையாகப் பங்களாதேஷிடம் இழந்தது. அடுத்து இங்கிலாந்தில் ஒரு வெற்றியும் இல்லை. டர்ஹமில் மூன்று வீரர்கள் கொரோனாப் பாதுகாப்பு வளையத்தை மீறி வெளியே போய் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உடைமாற்றும் அறையில் ‘டேய், உள்ளே வா’ என்று சொல்ல மூத்தவர் இருந்தால் அது நடந்திராது என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது.

தேர்வுக்குழுவின் பக்கத்திலும் சான்று இருக்கிறது. 2022 ஜூனில் அவுஸ்திரேலியாவுடனான ஒருநாள் தொடரை இலங்கை 3–2 என்று வென்றது. செப்டெம்பரில் டுபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வீழ்த்தி ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. பத்தும் நிசங்க, சரித் அசலங்க, மகீஷ் தீக்ஷன ஆகியோர் அந்த வெட்டில் கிடைத்த வெளியில் வளர்ந்தவர்கள். இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் சர்வதேச கிரிக்கெட்டில் தோல்விக்குப் பரிசில்லை, தண்டமே உண்டு. உலகக் கிண்ணத் தகுதிக்கான சூப்பர் லீக் பட்டியலில் பத்தாவதாக முடித்ததால், 1996இல் உலகக் கிண்ணம் வென்ற நாடு 2023இல் சிம்பாப்வே சென்று தகுதிகாண் போட்டி ஆட வேண்டியதாயிற்று. புலவாயோவில் அயர்லாந்துக்கு எதிராகச் சதமடித்தவர் யார்? ஒதுக்கப்பட்ட கருணாரத்ன. உலகக் கிண்ணத்தின் நடுவில், பந்துவீச்சாளர் மதீஷ பத்திரன காயமுற்றபோது அழைக்கப்பட்டவர் யார்? 36 வயது மத்யூஸ். அங்கும் ஒன்பதாவதாக முடித்ததால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கு இடமில்லாமற் போனது.

இதற்குப் பக்கத்திலேயே இயல்பாக அமைந்த ஓர் ஒப்புநோக்குச் சோதனையும் இருக்கிறது. விமர்சகர்கள் அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அதே மூவரும் டெஸ்ட் அணியில் தொடர்ந்தார்கள். 2022 ஜூலையில் காலியில் அவுஸ்திரேலியாவை இலங்கை வென்ற டெஸ்டில் கமிந்து மெண்டிஸ் அறிமுகமாகி 61 ஓட்டங்கள் எடுத்தார்; அதே இன்னிங்ஸில் சந்திமால் ஆட்டமிழக்காமல் 206. 2024 செப்டெம்பரில் அதே காலியில் நியூசிலாந்துக்கு எதிராக சந்திமால் 116, மத்யூஸ் 88. அவர்களுக்குப் பின்னால் கமிந்து ஆட்டமிழக்காமல் 182. அந்த இன்னிங்ஸில்தான் அவர் பிரட்மனுக்கு இணையாகத் தன் 13ஆவது இன்னிங்ஸில் ஆயிரம் டெஸ்ட் ஓட்டங்களைத் தொட்டார். டெஸ்டும் ஒருநாளும் ஒரே ஆட்டமல்ல, கமிந்துவின் திறமை கமிந்துவினுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் இளையவனுக்கு இடம்விட மூத்தவனை வெட்டியாக வேண்டும் என்ற முற்கோள் இங்கே உடைகிறது.

1999ம் இதையே சொல்கிறது. உலகக் கிண்ணத்தில் முதற்சுற்றோடு வெளியேறியதும் அர்ஜுன ரணதுங்கவின் தலைமை பறிக்கப்பட்டு சனத் ஜயசூரியவிடம் போனது. சில மாதங்களில் கண்டியில் அவுஸ்திரேலியாவை முதன்முறையாக டெஸ்டில் வென்ற அணியில் ரணதுங்கவும் ஆடினார், அரவிந்த டி சில்வாவும் ஆடினார். பதவி மாறியது, ஆள் போகவில்லை. மூத்தவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இளையவர் வழியை அடைக்கிறார் என்ற முறைப்பாட்டுக்கு, அது பல இடங்களில் உண்மையான முறைப்பாடே, மருந்து இதுதான் என்று நினைக்கிறேன்.

வடக்குக்கு நெருக்கமான சான்று 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கிடைத்தது. யாழ்ப்பாண அணி திசர பெரேராவைத் தலைவராகவும், 38 வயது சொயிப் மலிக்கை நடுவரிசையிலும் வைத்துக்கொண்டு, வடக்கின் இளைஞர் சிலரையும் சேர்த்தது. அவர்களுள் யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் டிசம்பர் 4ஆம் திகதி, 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், ஹம்பாந்தோட்டையில் அறிமுகமானார். முதல் இலக்கு மத்யூஸ். அதே அணியில் அதே லெக் ஸ்பின்னை வீசிக்கொண்டிருந்தவர் வனிந்து ஹசரங்க, அத்தொடரின் நாயகன். 2024 ஐ.பி.எல்.இல் ஹசரங்க காயத்தால் விலகியபோது, ஹைதராபாத் அணி அவருக்குப் பதிலாக எடுத்தது வியாஸ்காந்தை. அங்கே சுழற்பந்துப் பயிற்றுநர் முரளிதரன். ஒருவரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் நாற்றுமேடை இல்லாத இடத்தில் மூத்தவரே நாற்றுமேடை என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

வட்டுக்கோட்டைக்கு இந்தப் பாடம் கிரிக்கெட்டுக்கு முந்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் தந்த செமினரியை, மிசன் 1855இல் மூடியது. மிசனின் தலைமையகம் இருந்த பொஸ்ரனில் பார்த்தால் அது புதுக் கொள்கை, புதுத் தொடக்கம். ஊர்க்காரரும் பழைய மாணவரும் முயன்று யாழ்ப்பாணக் கல்லூரி திறக்க 17 ஆண்டு சென்றது.

கருணாரத்ன 2025 பெப்ரவரியில் காலியில் தன் 100ஆவது டெஸ்டோடு விலகினார்; மத்யூஸ் அதே ஆண்டு ஜூனில், அதே மைதானத்தில். எந்த நாளில் போவது என்பதை அவர்களே முடிவுசெய்ய டெஸ்ட் அணி இடம்கொடுத்திருந்தது. வட்டுக்கோட்டையில் அந்த நாளைக் குறிப்பது பிறப்பத்தாட்சிப் பத்திரம். சில வீடுகளில் கனடா விசா.