பாஸ்டனுக்குப் போகும் மரம்!

ஒவ்வொரு நவம்பரிலும் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒரு மரத்தை வெட்ட விழாவே எடுக்கிறார்கள். நாற்பது, ஐம்பது அடி உயரத்துக்கு வளர்ந்த ஊசியிலை மரம். தோட்டத்துக்காரர் அதற்குக் காசு வாங்குவதில்லை. 'எங்க வீட்டு மரம்தான் இந்த வருஷம் போகுது' என்பதே பெரிய பெருமை! லாரியில் ஏறி எல்லை தாண்டும் அந்த மரம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பூங்காவில் கிறிஸ்துமஸ் மரமாக விளக்குகளோடு ஜொலிக்கும்.

பாஸ்டன்காரர்களுக்கு மரத்துக்கா பஞ்சம்? இல்லை. இது ஒரு பழைய கடன்!

1917, டிசம்பர் 6. முதல் உலகப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த நேரம். நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். 'மோன் பிளாங்' என்ற பிரெஞ்சுக் கப்பல் டி.என்.டி., பிக்ரிக் அமிலம், பென்சால் என்று வயிறு முட்ட வெடிபொருட்களைச் சுமந்து உள்ளே வருகிறது. எதிரே 'இமோ' என்ற நார்வே கப்பல் வெளியே போகிறது. போரில் பட்டினி கிடந்த பெல்ஜிய மக்களுக்கு நிவாரணப் பொருட்கள் ஏற்றத்தான் இமோ கிளம்பியது. குறுகலான நீர்வழியில் இரண்டும் மோதிக்கொண்டன. விதியின் விளையாட்டைப் பாருங்கள்!

மோன் பிளாங் பற்றி எரிந்தது. மாலுமிகள் படகில் குதித்துத் தப்பினார்கள். ஆனால், கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்பது கரையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. குழந்தைகளும் பெண்களும் ஜன்னல் கண்ணாடியில் முகம் பதித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலை 9.04. கப்பல் வெடித்துச் சிதறியது. அணுகுண்டுக்கு முன்பு மனிதனால் உண்டான மிகப் பெரிய வெடிப்பு இதுதான் என்கிறார்கள். அரை டன் எடையுள்ள நங்கூரத் துண்டு கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது! வடக்குப் பகுதியில் தெருத் தெருவாக வீடுகள் தரைமட்டம். ஏறக்குறைய 2,000 பேர் மாண்டார்கள். சுமார் 9,000 பேருக்குக் காயம். வேடிக்கை பார்த்த ஜன்னல்களின் கண்ணாடியே சில்லு சில்லாகப் பாய்ந்து, எத்தனையோ பேரின் கண்களைப் பதம் பார்த்தது.

துறைமுகத்தை ஒட்டிய ரயில்வே அலுவலகத்தில் வின்ஸ் கோல்மன் என்ற ஊழியர் இருந்தார். ஓடித் தப்பித்திருக்கலாம். ஓடவில்லை. வெடிமருந்துக் கப்பல் எரிகிறது, ரயில்களை நிறுத்துங்கள் என்று தந்தி அடித்தார். அதுவே அவர் அனுப்பிய கடைசிச் செய்தி. சில நிமிடங்களில் அவரும் இறந்துபோனார்.

செய்தி அரைகுறையாக பாஸ்டனுக்கும் எட்டியது. மாசசூசெட்ஸ் கவர்னர் மெக்கால், 'என்ன உதவி வேண்டும்?' என்று கேட்டுத் தந்தி அனுப்பினார். பதில் இல்லை. கம்பிகளே அறுந்து கிடந்தால் பதில் எப்படி வரும்? நம்மூராக இருந்தால், 'தகவல் வரட்டும், பார்க்கலாம்' என்று ஃபைலை மூடியிருப்பார்கள். மெக்கால் காத்திருக்கவில்லை. அன்று இரவே டாக்டர்கள், நர்ஸ்கள், மருந்துப் பெட்டிகளோடு ஒரு ரயில் பாஸ்டனை விட்டுக் கிளம்பியது! அதற்குத் தலைமை தாங்கியவர் ராட்செஸ்கி என்ற வங்கிக்காரர். இத்தனைக்கும் அவர் கிறிஸ்துவர் அல்ல, யூதர்!

மறுநாள் ஹாலிஃபாக்ஸில் கடும் பனிப்புயல். கூரை போனவர்கள் தலையில் பனி கொட்டியது. தண்டவாளமே தெரியாத பனிக்குவியலில் ரயில் சிக்கித் திணறி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து, 8-ம் தேதி போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே கப்பல்களிலும் உதவி வந்தது. துணிமணி, உணவு... உடைந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடிகூட! வீட்டுக்குத் தேவையான மேஜை, நாற்காலி, கட்டில்களையும் மாசசூசெட்ஸ் கொடுத்தது. வெறும் கருணை என்றால் ரொட்டியோடு நின்றிருக்கும். இவர்கள் ஒரு குடும்பம் மறுபடி குடும்பமாக என்னென்ன வேண்டும் என்று யோசித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வருடம், 1918 கிறிஸ்துமஸ். ஹாலிஃபாக்ஸில் பல குடும்பங்கள் அப்போதும் தற்காலிகக் குடியிருப்புகளில்தான் ஒண்டிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலும் அந்த ஊரிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு பார்சல் போனது. ஒரு கிறிஸ்துமஸ் மரம்! காசு பணத்தால் ஈடுகட்ட முடியாத உதவிக்கு, காட்டில் விளைந்ததைக் கொடுத்தார்கள்.

பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. 1971-ல் லூனன்பர்க் பகுதியின் கிறிஸ்துமஸ் மர விவசாயிகள் மறுபடி ஆரம்பித்துவைத்தார்கள். நன்றியோடு, தங்கள் மரங்களுக்கு அமெரிக்காவில் விளம்பரம் கிடைக்கட்டும் என்ற வியாபார எண்ணமும் அதில் இருந்தது உண்மைதான். இருக்கட்டுமே! பின்னர் மாகாண அரசே அதை ஏற்றுக்கொள்ள, இன்றுவரை வருடம் தவறாமல் மரம் போகிறது.

கொடுப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு என்று நமக்குத் தெரியும். பண்டிகைக்குப் பண்டிகை பழைய துணியைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதை அனுபவிக்கிறோம். ஆனால், வாங்கிக்கொண்டவர்களுக்கும் அந்த சந்தோஷம் வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. எல்லாம் இழந்து ஒரு வருடமாகக் கை நீட்டி வாங்கிய ஊர், தன் கையால் ஒன்றைக் கொடுத்த அந்த நாளில்தான் நிஜமாக எழுந்து நின்றிருக்கும்.

நீங்கள் யாருக்காவது உதவி செய்து, அவர் பதிலுக்கு நாலு முருங்கைக்காயை நீட்டினால், 'அதெல்லாம் எதுக்கு?' என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு தர்மம்தான்!