தோட்டச் சாலைக்கும் தவணைக்கும் நடுவே: பேராவில் சிறிய எஸ்யூவி வாங்குமுன் அறிய வேண்டியவை

ஈப்போ - பேரா மாநிலத்து இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் முதல் வாகனம் மோட்டார் சைக்கிள். அதன்பின் 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் வீட்டு வாசலில் நின்றன. இன்று புந்தோங், சிம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரத் தாமான்களில் அந்த இடத்தைச் சற்று உயரமான வாகனங்கள் பிடித்து வருகின்றன. 2020 அக்டோபரில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்50, 2021 மார்ச்சில் அறிமுகமான பெரோடுவா அட்டிவா ஆகிய இரண்டும்தான் இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம். எக்ஸ்50 பேராவுக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. சீனாவின் ஜீலி நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவிய அந்த வாகனம் நம் மாநிலத்தின் தஞ்சோங் மாலிம் ஆலையில்தான் தயாராகிறது.

ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகரத்தை ஒட்டிய தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். ஆனாலும் தோட்டத்துக் கோயில் அங்கேயே இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குப் போக வேண்டும். சில வீடுகளில் தாத்தா பாட்டி இன்னும் பழைய இடத்தைவிட்டு வர மறுக்கிறார்கள். அந்தப் பாதைகளில் பேருந்து ஓடுவதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தார்ச்சாலையைக் குழியாக்குகின்றன. மழைக்காலத்தில் செம்மண் பாதை சேறாகிவிடுகிறது. சிறிய எஸ்யூவி வாங்க நினைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

அந்தக் காரணம் பாதி சரி. அட்டிவாவின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 200 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. எக்ஸ்50-க்கு ஏறக்குறைய 180. 2023-இல் வந்த ஹோண்டா டபிள்யூஆர்-விக்கு 220. குழியிலும் மேட்டிலும் அடிப்பாகம் இடிபடாமல் போவதற்கு இந்த உயரம் உதவும். மூட்டு வலி உள்ள பாட்டி சேலையோடு குனியாமல் ஏறி உட்காரலாம். விளம்பரங்களில் வராத நன்மை இது.

மற்றப் பாதியை விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. இந்த மூன்று வாகனங்களிலும் முன்சக்கரங்கள் மட்டுமே இயங்கும். தோற்றத்தில் ஜீப் போல இருந்தாலும், சேற்றில் சிக்கினால் மைவியும் இவையும் ஒன்றுதான். தோட்டத்துக்குள் தினமும் வேலையாகப் போகிறவருக்கு நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப்தான் பொருந்தும். ஆண்டுக்குச் சில முறை போகிறவருக்குச் சிறிய எஸ்யூவி போதும், அதிலும் மழை விட்டபின் போனால் நல்லது. தண்ணீர் தேங்கிய பாதையில் 'உயரமான வண்டிதானே' என்று இறக்குவது இயந்திரத்துக்குக் கேடு.

டயரையும் பார்க்க வேண்டும். அட்டிவாவின் அடிப்படையான எக்ஸ் ரகத்துக்கு 16 அங்குலச் சக்கரம், உச்ச ரகமான ஏவிக்கு 17. எக்ஸ்50-இன் உச்ச ரகம் 18 அங்குலத்தில் வந்தது. சக்கரம் பெரிதாக ஆக, பக்கவாட்டு ரப்பரின் உயரம் குறைகிறது, மாற்றும் செலவும் கூடுகிறது. காய்ந்த செம்பனை மட்டையின் முள் டயரைத் துளைப்பது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை. கல்லும் முள்ளும் உள்ள பாதைக்குச் சிறிய சக்கரமே உகந்தது. மாற்று டயர் முழு அளவுடையதா, தற்காலிகப் பயன்பாட்டுக்கான மெலிந்த டயரா என்பதைப் பின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பில் அட்டிவா ஒரு படி முன்னால் வந்தது. ஆறு காற்றுப்பைகளும், முன்னால் உள்ள வாகனத்தை அறிந்து தானே பிரேக் போடும் வசதியும் அறிமுகத்திலேயே எல்லா ரகங்களுக்கும் தரப்பட்டன. எக்ஸ்50-இல் தொடக்கத்தில் அந்த பிரேக் வசதி உச்ச ரகத்துக்கு மட்டுமே. பழைய எக்ஸ்50 வாங்குவோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஆற்றலில் எக்ஸ்50 தெளிவாக மேல்: அதன் 1.5 லிட்டர் டர்போ இயந்திரம் 150 குதிரைத்திறனிலிருந்து தொடங்கியது, அட்டிவாவின் 1.0 லிட்டர் டர்போ 98 தான். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஐந்து பேரோடு ஏறும்போது இந்த வேறுபாடு தெரியும். இறங்கும்போது எந்த வாகனமானாலும் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

இடவசதியில் இரண்டுமே பெரிதாகச் சொல்வதற்கில்லை. குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்திவிட்டு நடுவில் ஒரு பெரியவரை உட்காரச் சொல்வது அவருக்குத் தண்டனை. பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்து பயணம் செய்யும் குடும்பம் ஏழு இருக்கை வாகனத்தைப் பார்ப்பதே மேல்.

மாதத் தவணை என்னும் மாயக் கணக்கு

அட்டிவா அறிமுகமானபோது காப்புறுதி நீங்கலாக 61,500 ரிங்கிட்டிலிருந்து 72,000 ரிங்கிட் வரை விலை. எக்ஸ்50 79,200-இல் தொடங்கி 103,300 வரை சென்றது. ஆனால் கடையில் முதலில் பேசப்படுவது விலை அல்ல, 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்' என்பதுதான்.

60,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் கட்டினால் மாதம் 1,150 ரிங்கிட், மொத்த வட்டி 9,000. ஒன்பது ஆண்டு என்றால் மாதம் சுமார் 706, மொத்த வட்டி 16,200. கடன் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் தொகை முழுவதற்கும் கடைசி வரை வட்டி போடுவதால், அந்த 3 விழுக்காடு உண்மையில் ஐந்தரை விழுக்காட்டை நெருங்குகிறது. ஒன்பதாண்டுக் கடனில் ஐந்து ஆண்டு தவறாமல் கட்டியவருக்கும் ஏறக்குறைய 30,000 ரிங்கிட், அதாவது வாங்கியதில் பாதி, பாக்கி நிற்கும். இரண்டு பெரிய நிறுவனங்களும் தரும் உத்தரவாதம் ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். ஆக, உத்தரவாதம் முடிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் தவணையும் கட்ட வேண்டும், பழுதுச் செலவையும் தாங்க வேண்டும். ஏழு ஆண்டுத் தவணையைச் சமாளிக்க முடியாத விலையில் உள்ள வாகனம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய வாகனம் என்று கொள்வதே பாதுகாப்பு.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இன்படி, தொடர்ந்து இரண்டு மாதம் கட்டாவிட்டால்தான் வங்கி நடவடிக்கையைத் தொடங்க முடியும். எழுத்துபூர்வ அறிவிப்பு அனுப்பி 21 நாள் காத்திருக்க வேண்டும். வாகனத்தின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் வாகனத்தை இழுத்துச் செல்ல முடியாது. ஏலத்தில் விற்றும் கடன் அடையவில்லை என்றால் மீதிப் பணம் கடனாளியைத் தேடி வரும், ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் தேடி வரும். பிள்ளையின் வாகனத்துக்கு ஓய்வுபெற்ற அப்பா போடும் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் அல்ல.

இன்னொரு ஆபத்து 'சம்போங் பாயார்'. வங்கிக்குத் தெரியாமல் வாகனத்தை வேறொருவரிடம் கொடுத்து அவரைத் தவணை கட்டச் சொல்வது சட்டத்துக்குப் புறம்பானது. அவர் கட்டாமல் போனால் கடனும், அவர் வாங்கும் சம்மன்களும் பழைய பெயரிலேயே வந்து சேரும். கட்ட முடியாத நிலை வந்தால் முதலில் வங்கியிடமும், பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயிடமும் போவதே வழி. அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

ஓட்டும் செலவு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர நாளுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் 1,440 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 96 லிட்டர் தேவை. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய பூடி95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் அது 191 ரிங்கிட். அட்டிவாவின் இயந்திரம் ஆயிரம் சிசிக்குள் இருப்பதால் ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட் மட்டுமே. டர்போ இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அதில் மிச்சம் பிடிப்பது பின்னால் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும்.

வழக்கமான காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. தெலுக் இந்தான், பாகான் டத்தோ போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்போர் 'சிறப்பு இடர்' பாதுகாப்பைக் கூடுதலாக எடுப்பது அவசியம். லாரிகளின் பின்னால் போகிறவர்களுக்குக் கண்ணாடிக் காப்புறுதியும் உதவும். அதில் இழப்பீடு கோரினாலும், அதிகபட்சம் 55 விழுக்காடு வரை உயரும் இழப்பீடு கோராமைக் கழிவு குறையாது.

பழைய வாகனம் வாங்குவோர் புஸ்பகோம் சோதனையோடு நிற்காமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கும் கடனுக்கும் தேவையான அந்தச் சோதனை, இயந்திரத்தின் ஆயுளுக்கு உத்தரவாதம் அல்ல. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற வாகனமா என்பதை அதன் அடிப்பகுதியில் படிந்த சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கலாம். கல்லுமலைக் கோயிலில் அர்ச்சனை செய்து நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.