நேர்மையாகத் திசைதிருப்பும் கலை பிறந்த கதை

‘புலவனுக்குப் பின் மாதம் முழுக்கப் பாட்டு’ – மூன்றெழுத்து.

இந்தக் குறிப்பைப் படித்ததும் மனம் ஒரு காட்சியைக் கட்டிக்கொள்கிறது: புலவர் மறைந்துவிட்டார், ஊரார் ஒரு மாதம் பாடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தக் காட்சியிலேயே நின்றுவிட்டால் விடை வராது. சொல்லைச் சொல்லாகப் பார்க்க வேண்டும். புலவன் என்றால் ‘கவி’. அதற்குப் பின்னால் ஒரு மாதத்தின் பெயர் முழுதாக வர வேண்டும்: ‘தை’. இரண்டும் சேர்ந்தால் ‘கவிதை’. கடைசியில் நிற்கும் ‘பாட்டு’தான் விடையின் நேர்ப்பொருள். இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்த குறிப்பு இது. ஆனால் இதன் இலக்கணம் இங்கிலாந்தில் உருவானது. கிரிப்டிக் குறுக்கெழுத்து என்று அதற்குப் பெயர்.

குறுக்கெழுத்து முதலில் வந்தது அமெரிக்காவில். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில், லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் ஒரு வைர வடிவக் கட்டத்தை வெளியிட்டார். 1924-ல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் தன் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். நாடே கட்டங்களை நிரப்பத் தொடங்கியது. அதே ஆண்டில் இந்த ஆர்வம் கடல் கடந்து பிரிட்டனுக்கும் வந்தது. அன்றைய குறிப்புகள் பெரும்பாலும் அகராதிப் பொருளோடு நின்றன. வார்த்தை தெரிந்தவர் எழுதினார். தெரியாதவர் அகராதியைப் புரட்டினார்.

எட்வர்ட் போவிஸ் மாதர்ஸுக்கு அது போதவில்லை. அவர் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். காஷ்மீரத்துக் கவி பில்ஹணரின் சமஸ்கிருதக் காதல் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தவர். 1925-ல் அவர் செய்யுளிலேயே குறிப்புகள் எழுதிப் பார்த்தார். சொல்லை உடைப்பது, எழுத்துகளைக் கலைத்துப் போடுவது, ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை ஒளிப்பது என்று விளையாட்டு வளர்ந்தது. 1926-ல் ‘தி அப்சர்வர்’ ஞாயிறு இதழில் சேர்ந்து, டார்கெமாடா என்ற புனைபெயரில் 1939-ல் இறக்கும் வரை புதிர் அமைத்தார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய கொடிய தலைமை விசாரணையாளரின் பெயர் அது. வாசகர்களை வதைக்கப்போவதாகப் பெயரிலேயே அறிவித்துவிட்டார். வாசகர்களோ விரும்பி வதைபட்டார்கள்.

ஆனால் டார்கெமாடாவின் குறிப்புகளில் ஒரு சிக்கல் இருந்தது. எது பொருள், எது சொல்விளையாட்டு என்பதற்கு வரையறை இல்லை. விடையை எழுதிய பிறகும் அது சரிதானா என்று வாசகருக்கு உறுதி வராமல் போகலாம். இந்த இடத்தில்தான் நேர்மை என்ற கேள்வி எழுந்தது. அஃப்ரிட் என்ற பெயரில் எழுதிய ஏ.எஃப். ரிச்சி, 1949-ல் வந்த தன் புத்தகத்தில் அதற்கு ஓர் அடிப்படை வகுத்தார். புதிர் அமைப்பவர் வாசகரைத் தாராளமாகத் திசைதிருப்பலாம். ஆனால் எழுதிய சொற்கள் ஏதாவது ஒரு வாசிப்பில் விடையைச் சரியாகச் சொல்லியே தீர வேண்டும்.

அதை முழு இலக்கணமாக்கியவர் டார்கெமாடாவுக்குப் பிறகு அப்சர்வருக்கு வந்த டி.எஸ். மக்நட். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். அவரும் இன்னொரு மதவிசாரணையாளரின் பெயரைச் சூடி ஸிமினீஸ் ஆனார். அவர் வழி வந்த நெறி எளிமையானது: குறிப்பில் விடையின் துல்லியமான பொருள் இருக்க வேண்டும், விடையைக் கட்டும் நியாயமான வழி இருக்க வேண்டும், வேறெதுவும் இருக்கக் கூடாது. மேலே தந்த குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகுக்காக ‘இனிய பாட்டு’ என்று எழுதியிருந்தால், ‘இனிய’ வேலையில்லாமல் நிற்கும், அது குற்றம். ‘முழுக்க’ என்பதற்கு வேலை இருக்கிறது. மாதத்தின் பெயரில் ஓர் எழுத்தும் குறையாது என்று அது சொல்கிறது.

இந்த நெறி ஓர் ஆசிரியர் தனி அறையில் உட்கார்ந்து எழுதியது மட்டும் அல்ல. ஸிமினீஸ் போட்டி நடத்தினார். ஒரு சொல்லைக் கொடுப்பார். வாசகர்கள் விடைகளோடு அந்தச் சொல்லுக்குத் தாங்களே ஒரு குறிப்பு எழுதி அனுப்புவார்கள். பரிசு பெற்ற குறிப்புகளையும், மற்றவை ஏன் தவறின என்ற விளக்கத்தையும் அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார். வாசகர் எதிர்வாதம் எழுதுவார். அதற்கும் பதில் வரும். இப்படிப் பல ஆண்டுகள் பேசிப் பேசித் தெளிந்ததைத்தான் 1966-ல் புத்தகமாக்கினார். 1972-ல் பொறுப்பேற்ற ஜோனதன் குரௌதர், டெஸா என்ற விசாரணையாளரின் பெயரைத் திருப்பிப் போட்டு அஸெட் ஆனார்; போட்டியும் விமர்சனமும் அவரிடமும் தொடர்ந்தன.

அந்தப் போட்டிகளில் பெயரால் மட்டுமே அறிந்தவர்களுக்குள் உறவு வளர்ந்தது. தொடர்ந்து பரிசு வென்றவர்களில் ஒருவர் கோலின் டெக்ஸ்டர். துப்பறியும் நாவல் எழுத வந்தபோது தன் நாயகனுக்கு மோர்ஸ் என்று பெயர் வைத்தார். உடன் போட்டியிட்ட வங்கியாளர் ஜெரமி மோர்ஸின் பெயர் அது. நாயகனின் உதவியாளர் லூயிஸின் பெயரும் சக போட்டியாளர் ஒருவரின் புனைபெயர்தான்.

நம் ஊரிலும் இந்த உறவைப் பார்க்கலாம். சென்னையில் ‘தி இந்து’வின் கிரிப்டிக் புதிரைப் பல பத்தாண்டுகளாகப் போட்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடையே விடை தெரிந்ததோடு பேச்சு முடியாது, “விடை சரி, எப்படி வந்தது?” என்பதுதான் அடுத்த கேள்வி. குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்டிய பிறகே மனம் ஆறும். ஒருவர் கண்ணில் படாத வழி இன்னொருவருக்குப் பளிச்சென்று தெரியும். புதிர் அமைப்பவர் சறுக்கிய இடமும் அங்கேதான் பிடிபடும்.

கிரிப்டிக் புதிர் கடினம் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தனியாகத் தொடங்காதீர்கள். பழகிய ஒருவரோடு உட்காருங்கள். இடமிருந்து வலம் நாலு, மேலிருந்து கீழ் நாலு போதும். விடையைக் கேட்காமல் காரணத்தைக் கேளுங்கள். பிறகு பிடித்த ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து, நீங்களே ஒரு குறிப்பு எழுதி அவரிடம் நீட்டுங்கள்.