விறகில் தொடங்கிய அரசியல்

பெண் தலைமையைப் போற்ற முற்படும்போது, முதல் பெண் அமைச்சர், முதல் பெண் அதிபர் எனப் பதவிகளை எண்ணுவதே நம் வழக்கம். கென்ய நாட்டின் வங்காரி மாத்தாயை (1940–2011) அவ்வாறு அளந்தால், அவர் வகித்த அரசுப் பதவி துணை அமைச்சர் என்பதோடு நின்றுவிடும். பதவியேதும் இல்லாத சிற்றூர்ப் பெண்களை ஓர் அரசே அஞ்சும் ஆற்றலாக அவர் திரட்டிய வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

நியேரிப் பகுதியில் பிறந்த வங்காரி அமெரிக்காவில் உயிரியல் பயின்று திரும்பி, 1971-இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. தேசியப் பெண்கள் மன்றப் பணியின்போது சிற்றூர்ப் பெண்கள் அவரிடம் சொன்ன குறைகள் எளியவை: விறகில்லை, நல்ல நீரில்லை, சத்தான உணவில்லை. காடுகள் அழிந்து தேயிலையும் காப்பியும் பரவியதே இவற்றின் வேர் என்பதை அவர் உணர்ந்தார். விறகு அருகியதால், நெடுநேரம் வேகவேண்டிய மரபுணவுகளையும் குடும்பங்கள் கைவிட்டிருந்தன.

1977-ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளன்று ஏழு கன்றுகளுடன் பசுமைப் பட்டை இயக்கம் தொடங்கியது. பெண்கள் விதை சேகரித்து நாற்றங்கால் அமைத்தனர். நட்ட கன்று பிழைத்தால் மட்டுமே சிறு தொகை வழங்கப்பட்டது. நடுவதோடு கடமை முடிவதில்லை என்பதை அந்த ஏற்பாடே கற்பித்தது.

இதற்கிடையில் சொந்த வாழ்விலும் அவர் போராட நேர்ந்தது. மணவிலக்கு வழக்கின் தீர்ப்புக்குப்பின் நீதிபதியைக் குறைகூறியதற்காகச் சிறை சென்றார். தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று கணவர் வற்புறுத்தியபோது, அதில் ஓர் உயிரெழுத்தைக் கூட்டி, 'மத்தாய்' என்பதை 'மாத்தாய்' ஆக்கிக்கொண்டார்.

1989-இல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கோபுரம் எழுப்ப அரசு முனைந்தது. வங்காரி எதிர்த்தார். நல்ல ஆப்பிரிக்கப் பெண் ஆண்களை மதித்து அமைதி காக்கவேண்டும் என்னும் கருத்தில் அதிபர் மோய் பேசினார். எனினும் கோபுரத் திட்டம் கைவிடப்பட்டது. 1992-இல் அதே பூங்காவில், அரசியல் கைதிகளின் தாய்மாரோடு உண்ணாநோன்பிருந்த வங்காரியைக் காவலர் நினைவிழக்க அடித்தனர். மறு ஆண்டில் கைதிகளில் பெரும்பாலோர் விடுதலையாயினர்.

2002-இல் டெட்டு தொகுதியில் 98 விழுக்காடு வாக்குகளோடு நாடாளுமன்றம் புகுந்தார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்ணானார். அதற்குள் இயக்கம் நட்டிருந்த மரங்கள் 3 கோடியைக் கடந்திருந்தன. பரிசுச் செய்தி எட்டிய நாளிலும் அவர் ஒரு கன்றையே நட்டார்.

கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தூய சுற்றுச்சூழலை உரிமையாக ஏற்றது. தேர்ந்தெடுக்கப்படும் அவைகளில் எப்பாலினரும் மூன்றில் இரு பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்றும் விதித்தது. அவ்விதியை நிறைவேற்றாத நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு 2020-இல் தலைமை நீதிபதியே அதிபருக்கு அறிவுறுத்தினார், அவை கலைக்கப்படவில்லை. 2022 தேர்தலிலும் அவ்வளவு எட்டப்படவில்லை. ஏட்டில் எழுதிய உரிமையும் நட்ட கன்று போன்றதுதான். அது பிழைத்ததா என்று திரும்பத் திரும்பச் சென்று பார்ப்பதே வங்காரிக்கு நாம் செய்யும் சிறப்பு.