கரையில் நின்ற குருத்வாரா

2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பழைய கப்பல் ஒன்றின் பெயரும் திரும்ப அடிபட்டது. 'கொமகாட்டா மாரு'. 1914 இல் 376 இந்தியர்களோடு வன்கூவருக்கு வந்து, இரண்டு மாதம் துறைமுகத்திலேயே மறிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட கப்பல். கப்பலின் கதையை நிறையப் பேர் எழுதியிருக்கினம். கரையில் நின்று அதற்காக அலைந்த சனத்தைப் பற்றிக் கதைக்கிறது குறைவு. அந்தச் சனம் கூடின இடம், வன்கூவர் இரண்டாம் அவெனியூவில் இருந்த குருத்வாரா.

1904 இலிருந்து பஞ்சாபிகள் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் சீக்கியர்கள், அதிலும் கனபேர் பிரிட்டிஷ் படையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள். மரம் அரியும் ஆலைகளிலும் ரயில் பாதைகளிலும் வேலை. கிட்டத்தட்ட எல்லாருமே தனி ஆண்கள். 1907 இல் அந்த மாகாண அரசு அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தது. ஒரு வருசம் முடிய முன்னமே, 1908 ஜனவரியில், கல்சா திவான் சங்கம் இந்தக் குருத்வாராவைத் திறந்தது. வாக்குச் சாவடிக்குப் போக முடியாதவர்கள் தங்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

குருத்வாரா என்றால் குரு கிரந்த சாகிப் வைக்கப்பட்டிருக்கும் வழிபாட்டிடம். ஆனால் லங்கர் இல்லாமல் குருத்வாரா இல்லை. லங்கர் என்பது பொதுச் சமையலறை. யார் வந்தாலும் நிலத்தில் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடலாம், காசு இல்லை, சமைக்கிறதும் கோப்பை கழுவுறதும் வந்தவர்களேதான். (சீக்கியருக்குள் சாதி ஒழிந்துபோச்சு என்று சொல்ல வரவில்லை, அது வேற கதை.) வேலை பறிபோன ஆலைத் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசிச்சுப் பாருங்கோ. சாப்பாடு இருக்கு, படுக்க இடம் இருக்கு, எந்த ஆலையில் ஆள் எடுக்கிறாங்கள் என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

வன்கூவருக்குக் கிழக்கே அபொட்ஸ்போர்ட்டில் 1911 இல் கட்டிய குருத்வாராவுக்கு, பக்கத்து ஆலை கொடுத்த மரத்தை அங்கே வேலை செய்த சீக்கியர்கள் தங்கள் முதுகிலேயே சுமந்துகொண்டு போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்துக் கனடியக் கடைக் கட்டடம் மாதிரித்தான் இருக்கும். மேலே வழிபாடு, கீழே லங்கர்.

சாப்பாட்டுக்குக் கூடிய இடத்தில் அரசியலும் வந்தது. 1908 இல் இந்தியர்களை பிரிட்டிஷ் ஹொண்டூராஸுக்கு அனுப்பிவிட அரசு ஒரு திட்டம் போட்டது. போய்ப் பார்த்து வந்தவர்கள் அந்த இடம் வாழ உதவாது என்று சொல்ல, சமூகம் அதை நிராகரித்தது. அடுத்த வருசம், பிரிட்டிஷ் படைப் பதக்கங்களை இனி அணிவதில்லை என்று குருத்வாரா நிர்வாகம் தீர்மானம் எடுத்தது. பேரரசுக்காகச் சண்டை பிடித்தவர்கள் இப்படி முடிவெடுப்பது சின்ன விசயமில்லை.

1908 இல் வந்த இன்னொரு விதி: பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வந்தவர்களுக்குத்தான் அனுமதி. இந்தியாவிலிருந்து அப்படி வர நடைமுறையில் வழியே இல்லை. 'இந்தியர் வரக்கூடாது' என்று எழுதாமலே அதைச் செய்துவிட்டார்கள். இதற்குச் சவாலாகத்தான் குர்தித் சிங் ஹொங்கொங்கில் ஒரு யப்பானியக் கப்பலை வாடகைக்குப் பிடித்து, 1914 மே 23 அன்று வன்கூவருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

கப்பலில் இருந்தவர்களை இறங்க விடவில்லை. கரையில் ஒரு குழு உருவானது. குருத்வாராவின் தலைவர் பாக் சிங், கிரந்தி பல்வந்த் சிங், சீக்கியர் அல்லாத இந்தியர்களும் அதில் இருந்தார்கள். ஆலைக் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கப்பலின் வாடகைப் பாக்கியைக் கட்டினார்கள், வழக்கும் போட்டார்கள். யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கப்பலில் ஏறப்போன பொலிசுக்குப் பயணிகள் நிலக்கரியால் எறிந்து விரட்ட, போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யூலை 23 கப்பல் திரும்பியது. ஏற்கெனவே கனடாவில் வாழ்ந்த இருபது சொச்சம் பேர்தான் இறங்கினார்கள். செப்டெம்பர் 29, கல்கத்தாவுக்குப் பக்கத்து பஜ் பஜ்ஜில் பொலிஸ் சுட்டதில் பயணிகளில் ஏறத்தாழ 20 பேர் செத்தார்கள்.

பெரும்பாலும் கதையை இதோடு முடித்துவிடுவினம். ஆனால் குருத்வாராவுக்குள் நடந்ததுதான் எனக்கு வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. குடிவரவு அதிகாரி ஹொப்கின்சன், முன்பு கல்கத்தாவில் பொலிஸாக இருந்தவர், சமூகத்துக்குள்ளேயே தகவலாளிகளை வைத்திருந்தார். அவர்களில் ஒருவன் பேலா சிங். செப்டெம்பர் 5 அன்று அவன் குருத்வாராவுக்குள், சனம் வழிபாட்டில் இருக்கும்போதே சுட்டான். பாக் சிங்கும் இன்னொருவரும் கொல்லப்பட்டார்கள். கப்பலுக்காகக் காசு சேர்த்த மனுசன், தன் சொந்தக் கோயிலுக்குள், தன் சொந்த ஆளின் கையால். ஒக்டோபர் 21, பேலா சிங்குக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வந்த ஹொப்கின்சனை மேவா சிங் என்ற ஆலைத் தொழிலாளி சுட்டுக் கொன்றார். தப்பி ஓடவில்லை, குற்றத்தை மறுக்கவும் இல்லை. 1915 ஜனவரி 11 தூக்கிலிடப்பட்டார். பேலா சிங் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லி விடுதலையானான். பல்வந்த் சிங்கை 1917 இல் லாகூரில் தூக்கிலிட்டார்கள்.

மேவா சிங்கின் நினைவு நாளை அங்குள்ள குருத்வாராக்கள் இப்பவும் அனுட்டிக்கின்றன. தியாகியை நினைப்பது லேசு. பேலா சிங் போன்றவர்கள் எப்படி உருவானார்கள், எந்தப் பயத்தில், எந்தச் சம்பளத்துக்கு, என்று கேட்பது கஷ்டம். எங்களுக்கும் இந்தக் கேள்வி புதிசில்லை.

வாக்குரிமை 1947 இல்தான் திரும்பக் கிடைத்தது. கல்சா திவான் சங்கம் 1970 இல் ரொஸ் வீதியில் கட்டிய புதிய குருத்வாராவுக்குப் போய்விட்டது. 2016 மே 18 அன்று கனடியப் பிரதமர் கப்பலுக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் அவெனியூக் கட்டடம் இப்போது இல்லை. முதுகில் சுமந்த மரத்தால் கட்டிய அபொட்ஸ்போர்ட் குருத்வாரா 2002 இலிருந்து தேசிய வரலாற்றுச் சின்னம்.