ஜகார்த்தா: தண்ணியோட மல்லுக்கட்டும் ஊர்

ஜகார்த்தான்னு சொன்னதும் பலருக்கு உயர உயரமான கட்டடங்களும் போக்குவரத்து நெரிசலும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வர்றது ஒரு கல்லு! முட்டை வடிவத்துல இருக்கிற அந்தக் கல்லை ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்துல வெச்சிருக்காங்க. பேரு தூகு கல்வெட்டு.

அதுல நமக்கென்னன்னு கேக்கறீங்களா? மொழி சமஸ்கிருதம்தான், ஆனா எழுத்து நம்ம பல்லவர் எழுத்து. காலம் 5ஆம் நூற்றாண்டு. வட ஜகார்த்தாவில் தூகு என்ற இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. தாருமாநகர அரசன் பூர்ணவர்மன் கோமதின்னு ஒரு கால்வாய் வெட்டினான், நீளம் 6122 வில், 21 நாளில் வேலை முடிஞ்சது, அந்தணர்களுக்கு 1000 பசு தானம் கொடுத்தான்னு அதில் எழுதியிருக்கு. ஆக, இந்த ஊரைப் பத்தின ரொம்பப் பழைய எழுத்தே தண்ணியைத் திருப்பிவிட்ட கதைதான். 1500 வருஷம் ஆச்சு, அந்த வேலை இன்னும் முடிஞ்சபாடில்லை.

மேப்பைப் பார்த்தா காரணம் புரிஞ்சிடும். ஜாவா தீவின் வடமேற்குக் கரையில் இருக்கு ஊர். தெற்கே போகோர் பக்கம் மலை. அங்கே பெய்யற மழையெல்லாம் சிலிவுங் உட்பட 13 ஆறுகள் வழியா ஊருக்குள்ள புகுந்துதான் கடலுக்குப் போகணும். ஊரில் ஏறக்குறைய 40 சதவீதம் கடல் மட்டத்துக்குக் கீழே. மேலேருந்து மழை, எதிரே கடல், நடுவுல மக்கள்!

1527ல் ஃபத்தாஹில்லா, சுண்டா கெலாப்பா துறைமுகத்தைப் பிடிச்சு ஜெயகர்த்தான்னு பேர் வெச்சார். (இன்னிக்கும் ஜூன் 22 தான் ஊரோட பிறந்தநாள்.) 1619ல் டச்சுக்காரரான யான் பீட்டர்ஸூன் கூன் அந்த ஊரை அழிச்சுட்டு பட்டாவியாவைக் கட்டினார். சொந்த ஊர் ஞாபகத்துல நேர்நேரா கால்வாய்கள் வெட்டினாங்க. ஆனா வெப்பநாட்டில் தேங்கின தண்ணி என்ன பண்ணும்? கொசு, மலேரியா. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களின் கல்லறைன்னே இந்த ஊருக்குப் பேராச்சு.

1808ல் கவர்னர் ஜெனரலாக வந்த டேண்டல்ஸ் பழைய கோட்டையை இடிச்சுட்டு, ஆட்சியைத் தெற்கே வெல்டெவ்ரேடன் என்ற மேட்டுப் பகுதிக்கு மாத்தினார். அதிகாரிகள் போயிட்டாங்க. போக வசதியில்லாத ஜனங்க அதே காய்ச்சல் ஊரில் தங்கிட்டாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில் தேவைப்படும்.

அப்படி மாத்தின இடத்தைச் சுத்தித்தான் இப்போ நகரத்தோட மையமே இருக்கு. நடுவுல மெர்தேக்கா திடல். அதில் 132 மீட்டர் உயரத்துக்கு மோனாஸ் நினைவுத்தூண், உச்சியில் தங்கம் பூசின தீச்சுடர். பக்கத்துல 1978ல் திறந்த இஸ்திக்லால் மசூதி. அதை வடிவமைச்ச ஃபிரெடரிக் சிலாபான் ஒரு கிறிஸ்தவர்! எதிரிலேயே 1901ல் கட்டி முடிச்ச கதீட்ரல். கொஞ்சம் தள்ளிப் போனா குதிரை பூட்டின தேரில் நம்ம அர்ஜுனனும் கிருஷ்ணனும் சிலையா நிக்கறாங்க.

தெருவுல இறங்கினா இன்னும் சுவாரஸ்யம். அவங்க ஊர் ஆட்டோவுக்குப் பேரே 'பஜாய்'! இந்தியாவிலிருந்து போன பஜாஜ் வண்டிதான் இப்படி ஆயிடுச்சு. அவசரத்துக்கு ஓஜெக் எனப்படும் பைக் டாக்ஸி. 2004லிருந்து தனிப்பாதையில் ஓடும் டிரான்ஸ்ஜகார்த்தா பஸ், 2019லிருந்து மெட்ரோ. காலையில் தேங்காய்ப்பால் சோறு நாசி உடுக், மதியம் வார்த்தெக் கடையில் மலிவா ஒரு சாப்பாடு. அவங்க பேச்சைக் கவனிச்சா கப்பல் 'கப்பால்', கடை 'கெடாய்', குளம் 'கோலம்'. வார்த்தையும் கப்பலேறித்தான் போயிருக்கு போல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஊர் மூழ்குது மூழ்குதுங்கறாங்களே, கடல் ஏறுறதால மட்டுமா? இல்லீங்க, தரை இறங்குறதுதான் பெரிய காரணம். ஆழ்குழாய் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் பூமி அப்படியே அமுங்கிப் போகுது. வட ஜகார்த்தாவில் சில இடங்கள் வருஷத்துக்கு 10 செ.மீ.க்கு மேலகூட இறங்கியிருக்கு. முவாரா பாருவில் கடல் தண்ணி புகுந்து கைவிடப்பட்ட மசூதி ஒண்ணு இன்னும் நிக்குது. 2007, 2013, 2020ன்னு பெரிய வெள்ளங்கள் வேற.

ஜனங்க ஏன் உறிஞ்சறாங்க? குழாய்த் தண்ணி வரலை, அதான்! 1998லிருந்து 25 வருஷம் குடிநீர் விநியோகம் தனியார் கையில் இருந்தது. 2023ல் அந்த ஒப்பந்தம் முடிஞ்சப்போ ஊரில் மூணில் ரெண்டு பங்குக்குத்தான் குழாய் இணைப்பு. இன்னொரு பக்கம் பெரிய பெரிய கட்டடங்களும் கிணறு தோண்டி உறிஞ்சுது. கடலோரக் குப்பத்து ஏழை தள்ளுவண்டிக்காரர்கிட்ட கேன் தண்ணி வாங்குவார். குழாய் உள்ளவர் கொடுக்கறதைவிட லிட்டருக்கு அதிக விலை! அதிகமா உறிஞ்சறவர் ஒருத்தர், முதல்ல மூழ்கறவர் இன்னொருத்தர்.

2019ல் அப்போதைய ஜனாதிபதி ஜோகோ விடோடோ, தலைநகரைக் கிழக்கு காலிமந்தானுக்கு மாத்தப் போறதா அறிவிச்சார். 2022ல் நுசாந்தரான்னு பேர் வெச்சு சட்டமும் வந்தது. (அந்தச் சட்டப்படி, மாற்றத்துக்கான ஜனாதிபதி ஆணை வர்ற வரைக்கும் ஜகார்த்தாதான் தலைநகர்.) டேண்டல்ஸ் கதையேதான்! அலுவலகங்களும் அதிகாரிகளும் ஒருநாள் போயிடலாம். ஒரு கோடிக்கு மேல இருக்கற ஜனம் எங்கே போகும்?

அதே சமயம் தீர்வே இல்லாத பிரச்னையும் இல்லை. டோக்கியோவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இறங்கிட்டிருந்தது. நிலத்தடி நீர் எடுக்கறதுக்குக் கட்டுப்பாடு போட்டு, வேற வழியில் தண்ணி கொடுத்தாங்க. இறங்கறது பெரும்பாலும் நின்னுபோச்சு. ஜகார்த்தாவிலும் இப்போ குழாய் இணைப்பைக் கூட்டற வேலை நடக்குது. புதுத் தலைநகரைவிட அந்தக் குழாய்தான் முக்கியம்னு எனக்குத் தோணுது. தண்ணியைக் கொண்டு வந்ததைக் கல்லில் வெட்டி வெச்ச பூர்ணவர்மனுக்கு அது புரிஞ்சிருக்கும்.

அடுத்த தடவை மோட்டார் சுவிட்சைப் போடும்போது, காலுக்குக் கீழே என்ன குறையுதுன்னு நாமும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்க்கலாம், இல்லையா?